வெள்ளையாக விட்ட இடம்

தருமபுரியில் தேவிப்பிரியாவுக்குத் தெரியாத சந்து கிடையாது. அங்கேயே பிறந்து வளர்ந்தவள். ஆனால் சேலத்துக் கல்லூரியில் கட்டடக்கலை நான்காம் ஆண்டு படிக்கையில், வடிவமைப்புப் பாடத்துக்கு ஆசிரியர் தருமபுரியையே கொடுத்ததும் வேறு ஊர் கிடைக்குமா என்று கேட்டுப் பார்த்தாள். ஊரைச் சுற்றிப் பார்த்து, ஏரிக்கரையில் ஒரு பூங்கா வடிவமைக்க வேண்டும். அந்தக் கரையில்தான் அவள் வீடு இருந்தது.

தகரக் கூரை, ஹாலோபிளாக் சுவர், பூசாத முகப்பு. அதைப் போல இருபது இருபத்தைந்து வீடுகள், எல்லாம் புறம்போக்கு. கரையை அழகுபடுத்த ஒருநாள் காலி செய்வார்கள், அப்போது குடியிருப்பவர்களுக்கு அடுக்குமாடியில் மாற்று வீடு தருவார்கள் என்ற ஒரே நம்பிக்கையில் அந்தச் சனங்கள் காலம் தள்ளினார்கள். தேவிப்பிரியாவின் அம்மா செல்லி கட்டட வேலைக்குப் போகும் சித்தாள். மாற்று வீட்டில் எந்தப் பக்கம் அடுப்பு வைப்பது என்பதுவரை யோசித்து வைத்திருந்தாள். மகளோ கல்லூரியில், பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடி வீடு என்று அளந்துவிட்டிருந்தாள். முதல் வாரம் யாரோ கேட்க, வாய் தவறி வந்த பொய். நாலு வருடத்தில் அதற்குப் பால்கனியும் முளைத்துவிட்டது.

அவளோடு சேர்ந்து அளவெடுக்க வந்தவன் கோயம்புத்தூர்க்காரன் மாதவராஜ். நல்ல பையன், அதுதான் சங்கடம். ரயில் நிலையம், சந்தை, பழைய தெருக்கள் என்று வேண்டுமென்றே அவனைச் சுற்ற வைத்தாள். வெயிலில் காய்ந்து அவனே திரும்பிவிடலாம் என்பான் என்று பார்த்தாள். அவன் ஒரு கரும்புச்சாறு குடித்துவிட்டு, அளவு டேப்பை எடுத்துக்கொண்டு நேராக ஏரிக்கு நடந்தான்.

வாசலில் செல்லி துணி அலசிக்கொண்டிருந்தாள். அன்றைக்கென்று வேலை இல்லை. மகளைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக எழுந்தவள், பக்கத்தில் நின்ற பையனையும், மகள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் பார்த்தாள். படிக்காதவள்தான், இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டியதில்லை.

"யாருங்க நீங்க? அளக்க வந்தீங்களா?" என்று பொதுவாகக் கேட்டாள். "வெயிலா இருக்குது. தண்ணி தரட்டுங்களா?"

"குடுங்கம்மா," என்றான் மாதவராஜ். தேவிப்பிரியா வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். பெற்றவள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்க அவளுக்குக் கை வரவில்லை.

அவர்கள் படிப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஊரை வரையும்போது கட்டடம் நிற்கும் இடத்தைக் கருப்பாக அடைப்பார்கள். காலியிடத்தை வெள்ளையாக விடுவார்கள். பந்தல், தள்ளுவண்டி போன்ற தற்காலிகமானவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை.

"இந்த வீடுங்களைக் கருப்புல போட்டுடலாமா? செவுரு இருக்கே," என்றான் மாதவராஜ்.

"தகரந்தான. டெம்பரரி. விட்டுடு."

"ஆளுங்க இருக்காங்களே."

"எல்லாம் காலி பண்ணப் போறாங்க. எங்க ஊரு, எனக்குத் தெரியாதா?"

உள்ளூர்க்காரியே சொன்னால் அவன் என்ன செய்வான்? விட்டுவிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவள் ஒரு தெருவையே தாளில் மறைத்தாள். அதையும் நேர்த்தியாகச் செய்தாள். ஏரி, புங்க மரங்கள், கரையோரம் சுத்தமான வெள்ளை. பூங்காப் படத்தில் தன் வீடு இருந்த இடத்தில் ஒரு கல் பெஞ்சு போட்டாள்.

வகுப்பிலேயே அதற்குத்தான் அதிக மதிப்பெண். மாணவர்களின் வேலைகளைத் தருமபுரியில் கண்காட்சியாக வைத்தபோது, பார்க்க வந்த நகராட்சி அதிகாரிகள் பூங்காப் படத்தையும், கரையின் இப்போதைய நிலையைக் காட்டும் படத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கல்லூரி சந்தோஷமாகக் கொடுத்தது. தேவிப்பிரியாவுக்கு உள்ளுக்குள் உறுத்தத்தான் செய்தது. மேடையில் சால்வை போட்டார்கள், அந்தக் கைதட்டலில் மறந்துபோனாள்.

மழைக்காலம் முடிந்ததும் நகராட்சிப் பொறியாளர் ஒருவர் ஆட்களோடு வந்து, கரையைக் காலி செய்யச் சொன்னார். விடுமுறைக்கு வந்திருந்த தேவிப்பிரியாவைத் தெருவே முன்னால் தள்ளியது.

"எங்களுக்குப் பேசத் தெரியாதுங்க," என்றாள் பக்கத்து வீட்டுத் தீர்த்தம்மாள். "இந்தப் பாப்பா இதுக்குன்னே படிக்கிறவ. எதுன்னாலும் அவகிட்டப் பேசுங்க."

"மாத்து வூடு குடுக்காம எப்படிங்க சார் போகச் சொல்றீங்க?" என்றாள் தேவிப்பிரியா. தெரு முழுக்கப் பின்னால் நின்றதில் குரலுக்குத் தைரியம் வந்திருந்தது.

பொறியாளர் கெட்டவர் அல்ல. அலைந்து களைத்த மனிதர். "குடியிருப்பு இருந்தா குடுப்பாங்கம்மா. மேல ஒத்துக்கிட்ட படத்துல இங்க ஒண்ணுமே இல்ல. வெத்து நெலத்துக்கு யாருக்குக் குடுக்கறது?" தாளை விரித்தார். "இந்த ஊருப் பொண்ணே நேர்ல வந்து அளந்து போட்டதுங்க." கீழே இருந்த பெயரையும் வாசித்தார்.

செல்லி தரையைப் பார்த்தாள்.

"நாந்தாங்க அது," என்றாள் தேவிப்பிரியா. "தப்பாப் போட்டுட்டேன். வூடுங்க இருந்துச்சு, வேணும்னே விட்டுட்டேன்."

"உங்க வூடு எதும்மா?"

காட்டினாள். அவர் தாளையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "சொந்த வூட்டயே இல்லேன்னு போட்டிருக்கியேம்மா. இப்ப இருக்குதுன்னா யாரு நம்புவாங்க? பொய் சொன்னது அப்பவா இப்பவான்னு கேப்பாங்களே." சரியான படத்தை ஆசிரியரின் கையெழுத்தோடு கொண்டுவந்தால் மேலே அனுப்பிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தீர்த்தம்மாள் கத்துவாள் என்று தேவிப்பிரியா எதிர்பார்த்தாள். அவள் மெதுவாகத்தான் கேட்டாள். "உனக்கு வெக்கமா இருந்துச்சுன்னா உன் வூட்ட மட்டும் மறைச்சிருக்கலாமே கண்ணு. எங்க வூட்ட ஏன் மறைச்ச?"

தேவிப்பிரியா அன்றைக்கே சேலத்துக்கு ஓடினாள். ஆசிரியரோ, தானே அதிக மதிப்பெண் போட்ட படத்தைத் தப்பு என்று கையெழுத்துப் போட முடியாது, மறுபடியும் அளந்து வா, பார்க்கலாம் என்று இழுத்தடித்தார். அவள் அளவு டேப்போடு ஏரிக்கரைக்குத் திரும்பியபோது மண் அள்ளும் இயந்திரம் வேலையை முடித்துப் போயிருந்தது. தீர்த்தம்மாள் குடும்பம் இண்டூருக்கு, சொந்தக்காரர்கள் வீட்டுத் தாழ்வாரத்துக்குப் போய்விட்டதாம். செல்லி மட்டும் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"சாப்டியா?" என்று கேட்டாள்.

தேவிப்பிரியா பையிலிருந்து பழைய படத்தை எடுத்து விரித்துப் பார்த்தாள். ஏரி இருந்தது, மரங்கள் இருந்தன. கரையோரம் வெறும் மண். அவள் வரைந்த படம் இப்போது சரியாக இருந்தது.