பச்சை எழுத்தில் ஒரு பெயர்

காபி குடிக்கப் போகிற யாரும் இப்போதெல்லாம் நேராகப் போவதில்லை. புதுப் பொண்ணின் மேசைப் பக்கம் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போனார்கள். அலுவலகக் கணினிகளை எல்லாம் இணைக்கும் சர்வரைக் கவனித்துக்கொள்கிற சர்வர் அண்ணன் தன் இடத்தில் இருந்தபடியே அதைப் பார்க்காதது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் நாற்காலியில்கூட இல்லை. ஆளில்லாத நேரத்தில் கணினி காட்டும் ஸ்க்ரீன் சேவருக்குத்தான் இத்தனை கூட்டம். மற்றவர்கள் திரையில் மீன் நீந்தும், இல்லாவிட்டால் கடிகாரம் ஓடும். இவளோ லினக்ஸில் ஒரு கட்டளையை ஓடவிட்டு, அது சொல்லச் சொல்ல அப்படியே திரையில் வரும்படி செய்திருந்தாள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழும். அலுவலகத்தில் யார் எந்தக் கணினிக்குள் நுழைந்தாலும், வெளியே வந்தாலும், பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தாலும் உடனே ஒரு வரி. அதையும் எல்லோருக்கும் புரிகிற தமிழில் மாற்றி வைத்திருந்தாள். 'கணக்கர் தப்பாக அடித்தார். கணக்கர் மறுபடியும் தப்பாக அடித்தார்.' கணக்கரே வந்து படித்துச் சிரித்துவிட்டுப் போனார். அண்ணனும் சிரித்து வைத்தார்.

உள்ளே வயிறு எரிந்தது. இதே வரிகளை அவர் வருஷக்கணக்காகப் படித்து வருகிறார், பொடி எழுத்து ஆங்கிலத்தில், தனியாக. ஒருத்தராவது எட்டிப் பார்த்ததுண்டா? நேற்று வந்தவள் நாலு வரியைப் பச்சையில் ஓடவிட்டதும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். அவளை வெறுத்தாவது தொலைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. போகும்போதும் வரும்போதும் "அண்ணா, சாப்டீங்களா?" என்று வாய் நிறையக் கேட்கிறாள்.

அன்று தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. அப்படி வருகிறவர்களை சர்வர் அறைக்கு அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டுவது என்றைக்கும் அண்ணன் வேலை. அதற்கென்றே ஒரு சட்டை வைத்திருந்தார். அன்றும் அதைத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மேலாளர் வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"இந்தத் தடவை அந்தப் பொண்ணு மேசைகிட்டயே காட்டிடலாம்ணே. பாக்கறதுக்கும் நல்லா இருக்கு. நீங்க ஏன் அலையணும்?"

"தாராளமா சார்," என்றார் அண்ணன்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அறை காலியானது. அவளிடம் கேட்டால் சந்தோஷமாகச் சொல்லிக்கொடுத்திருப்பாள். கேட்க அவருக்கு வாய் வரவில்லை. எந்தக் கணினிக்குள்ளும் தன் இடத்திலிருந்தே நுழைகிற உரிமை அவருக்கு உண்டு. அவள் எழுதியதை ஒரு நகல் எடுத்து, ஆட்கள் வருவதற்குள் தன் திரையிலும் ஓடவிட வேண்டும் என்றுதான் நுழைந்தார். உள்ளே போனதும் கை வேறு எதற்கோ பரபரத்தது. அப்படியே அவளுடையதை நிறுத்தியும் விட்டால் என்ன? யாருக்குத் தெரியப்போகிறது?

அந்தப் பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. ஆட்கள் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். மேலாளர் அவர்களை அவள் மேசை முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அவளும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள்.

"யார் எங்க நுழைஞ்சாலும் காட்டிக் குடுத்துடும் சார்," என்று ஆரம்பித்த மேலாளர் பாதியில் நிறுத்தினார்.

வந்தவர்களில் ஒருவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சத்தமாகப் படித்தார். "'சர்வர் அண்ணன் இந்தக் கணினிக்குள் நுழைந்தார்.' யாருங்க அது?"

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அந்த வரிகள் எப்படி வருகின்றன என்று அவருக்குத் தெரியாததா? தன் பெயரும் அதில் விழும் என்பது மட்டும் பொறாமையில் மறந்தே போயிருந்தது.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். சட்டென்று வந்தவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எங்க அண்ணன்தான் சார். நான்தான் ஒரு தடவை செக் பண்ணச் சொன்னேன்."

அவள் காட்டிக்கொடுத்திருந்தால்கூட இத்தனை எரிந்திருக்காது. முதலில் அவள் கணினியிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும் என்று விசைப்பலகைக்குக் கையைக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். வெளியே வந்தால் அதற்கும் ஒரு வரி. உள்ளேயே இருந்தாலோ அந்த ஒரு வரிதான் நிற்கும்.

எல்லோரும் அடுத்த வரிக்காகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவளும்தான். அண்ணனின் விரல்கள் விசைகளுக்கு மேலே அந்தரத்தில் நின்றன. அவள் திரையில், அவர் பெயருக்குக் கீழே, அடுத்த வரி வர வேண்டிய இடத்தில் ஒரு பச்சைக் கட்டம் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.