காதோரக் கோடு

கம்பெனியில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். மருந்துப் பெட்டிகளுக்கான அட்டை அச்சடிக்கிற கம்பெனி அது. அச்சாகி வருகிற அட்டையை விளக்குக்கு அடியில் விரித்துப் போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதுதான் அவர் வேலை. நீலம் ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் முழுக் கட்டும் திரும்பிப் போகும். மிஷின் ஓட்டுகிறவர்கள் அவரைத் திட்டாத நாள் கிடையாது. ஆனால் அவர் சொன்னது தப்பென்று இதுவரை எவனும் நிரூபித்ததில்லை.

அந்தக் கண்ணை அவர் வீட்டுக்கும் கொண்டு வருவார். வீட்டில் வேறு எங்கும் செலவழிக்காமல் மீன் தொட்டிக்கு மட்டும் எடுத்து வைத்திருப்பார். ஆறடித் தொட்டி, ஏழு க்ளவுன் லோச். அயிரை வகைதான், ஆனால் யாரோ ஆரஞ்சுச் சாயத்தில் முக்கியெடுத்து மூன்று கறுப்புப் பட்டை கட்டிவிட்ட அயிரை. முதல் பட்டை கண்ணை மறைக்கும், இரண்டாவது முதுகில், மூன்றாவது வால் பக்கம். பதினோரு வருஷத்துக்கு முன் வாங்கும்போது இரண்டு அங்குலம் இருந்தவை, இப்போது ஒவ்வொன்றும் முழங்கையில் பாதி. வாங்கினால் போதும், பேரன் பேத்தி எடுக்கிற வரை கூட வரும் என்று கடைக்காரர் அன்றே சொல்லியிருந்தார்.

பார்க்கிறவர்களுக்கு ஏழும் ஒன்றுதான். அவருக்கு ஏழும் ஏழு ஆள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் போச்சு, நாற்காலியைத் தொட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டுவிடுவார். நடுப்பட்டை கீழே போகப் போகக் குறுகினால் அது ‘டை கட்டினவன்’. வால் பட்டையில் ஆரஞ்சுப் பொட்டு இருந்தால் ‘பொட்டுக்காரி’. கண் பட்டையிலிருந்து பின்பக்கமாக மெல்லிசாக ஒரு கோடு போகும், காதில் பேனா செருகின மாதிரி. அது ‘கணக்குப்பிள்ளை’. விருந்தாளி கொட்டாவியை மென்று விழுங்கிக்கொண்டு தலையாட்டுவார். மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, அங்கேயே கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுப் போவாள்.

அந்த மனைவி போய் ஒன்பது மாதமாகிறது. பஸ் நிறுத்தத்தில் நின்றவள் அப்படியே சரிந்துவிட்டாள். பிரேத அறைக்கு வெளியே ஒரு எழுத்தர் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். பெயர், வயது, உயரம் எல்லாம் ஆன பிறகு, நிமிராமலே, அங்க அடையாளம் இரண்டு சொல்லச் சொன்னார்.

பூதக்கண்ணாடி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. இருபத்து நான்கு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர். எழுத்தர் பேனாவைத் தட்டிக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் பக்கத்தில் நின்ற கொழுந்தியாள்தான் சொன்னாள், காதுக்குப் பின்னால் ஒரு மச்சம், வலது கட்டைவிரல் அடியில் ஒரு தழும்பு என்று. சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“மீனுக்கெல்லாம் மச்சம் தெரியுது இவருக்கு” என்றாள்.

அவர் கையெழுத்துப் போட்டார். அன்றோடு அவள் இந்த வீட்டுப் படி ஏறுவதில்லை.

அழுகை வருமென்று பார்த்தார், வரவில்லை. பசித்தால் சாப்பிட்டார், தூக்கம் வந்தால் தூங்கினார், நீலம் விலகினால் திருப்பி அனுப்பினார். பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி, கிள்ளினாலும் தெரியவில்லை. உறுத்தினதெல்லாம் ஒன்றுதான்: அந்தத் தழும்பு எப்படி வந்தது? கொழுந்தியாளிடம் அதைக் கேட்கப் போனால், தெரியாது என்பதை இரண்டாம் தரம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு அவருக்கு வெட்கமாக இருந்தது. தினமும் சாயங்காலம் தொட்டி முன்னால் உட்காருவார். ஏழு மீனும் வந்து நிற்கும். ஏழையும் தெரிந்தது. அதுதான் தாங்கவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் கொடுத்துத் தொலைத்துவிடுவது என்று முடிவு செய்து, மீன் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்காரர் மூடி வைத்த இரண்டு பெரிய வாளிகளோடு வந்தார். முன்பெல்லாம் தொட்டிக்கு வேண்டியதை வாங்க மனைவிதான் அவர் கடைக்குப் போவாள், அதனால் துக்கம் விசாரிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பூதக்கண்ணாடி எல்லாவற்றுக்கும் “ம்” கொட்டிவிட்டு வலையை எடுத்தார்.

“வலை வேணாம் சார்” என்றார் கடைக்காரர். “இதுக்குக் கண்ணுக்குக் கீழ முள்ளு இருக்கு. பயந்தா வெளிய நீட்டும், வலையில சிக்கிக்கும். எடுக்கப்போனா உங்க வீட்டம்மாவுக்குக் கிழிச்ச மாதிரிதான் கிழிக்கும்.”

பூதக்கண்ணாடியின் கை நின்றது. என்ன கிழித்தது என்று கேட்டார்.

கடைக்காரர் ஒரு கணம் விழித்தார். சொல்லலாமா கூடாதா என்று அவர் முகத்தில் ஓடியது. இனி யாருக்காக மறைக்க என்று நினைத்தாரோ என்னவோ, உட்கார்ந்து சொன்னார்.

நாலு வருஷத்துக்கு முன் பூதக்கண்ணாடி புதுக் கிளை வேலையாக ஒரு மாதம் வெளியூர் போயிருந்தபோது நடந்தது. ஒரு மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்திருக்கிறது. அதைத் தனியாகப் பிரிக்க மனைவி வலை போட்டிருக்கிறாள். முள் வலையில் மாட்ட, அவள் விடுவிக்கப் போக, அது கட்டைவிரலடியில் இறங்கி, பிறகு சீழ் வைத்து, டாக்டர் கீறித் தைக்க வேண்டியதாயிற்று. மீனும் பிழைக்கவில்லை. கையில் கட்டோடு கடைக்கு வந்து, ஒரு அட்டையின் பின்பக்கம் அதன் பட்டைகளைக் கோடு கோடாக வரைந்து காட்டி, இதே அளவில் இதே மாதிரி ஒன்று வேண்டும் என்றிருக்கிறாள். அந்த அளவு மீன் சுலபத்தில் கிடைக்காது. நாலு தடவை நடந்தாள். கடைசியில், யாரோ வீடு மாறுகிறவர் கொடுத்த ஒன்று கிடைத்தது.

“எல்லாம் சரியா இருந்துச்சு சார். இந்தக் கண்ணுகிட்ட பின்னால ஒரு கோடு போட்டிருந்தாங்க, அது மட்டும் இதுக்கு இல்ல. சார் ஊர்லேர்ந்து வந்த அன்னிக்கே கண்டுபிடிச்சுடுவார்னேன். ‘கண்டுபிடிக்கட்டும், கண்டுபிடிச்சா சொல்லிடுறேன்’னாங்க.”

பூதக்கண்ணாடி தொட்டிக்கு முன்னால் குனிந்தார். கணக்குப்பிள்ளை கண்ணாடியை ஒட்டி நின்றிருந்தது. கண்ணை மறைக்கிற கறுப்புப் பட்டை. அதன் பின்னால் வெறும் ஆரஞ்சு. கோடு இல்லை. மறுபக்கம் திரும்புகிற வரை காத்திருந்து பார்த்தார். அங்கேயும் இல்லை. இந்த நாலு வருஷத்தில் எத்தனை விருந்தாளிக்கு அந்தப் பேனாவைக் காட்டியிருப்பார்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் டீத் தட்டோடு பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

வெளியூரிலிருந்து திரும்பிய அன்று அவள் கையில் கட்டு இருந்தது இப்போது ஞாபகம் வந்தது. என்ன என்று கேட்டார், கத்தி பட்டுவிட்டது என்றாள். பார்த்து வெட்டக் கூடாதா என்று சொல்லிவிட்டு மீனுக்குத் தீனி போடப் போனார்.

“அப்புறமும் வருவாங்களா?” என்று கேட்டார். 

“தீனி வாங்க வரும்போதெல்லாம் நானே கேட்பேன் சார். ‘இன்னும் இல்லண்ணே’ன்னு சிரிப்பாங்க. முதல்ல நல்லாத்தான் சிரிச்சாங்க. கடைசியா வந்தப்போ கேட்டேன், ஒண்ணும் சொல்லல.”

கடைக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டு வாளியை இழுத்தார். இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று பூதக்கண்ணாடி கேட்டார். கூட்டமாக இருக்கிற ஜாதி, தனியாக விட்டால் ஏங்கிச் சுருண்டுவிடும் என்றார் அவர். அப்படியானால் எதுவும் வேண்டாம், ஏழும் இங்கேயே இருக்கட்டும் என்றார் பூதக்கண்ணாடி. கடைக்காரர் வெறும் வாளிகளோடு போனார்.

அவர் போன பிறகு பூதக்கண்ணாடி சமையலறைப் பக்கம் திரும்பி, கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார். கண்டுபிடித்தது அவர் இல்லை. வாயை மூடிக்கொண்டார்.

பிறகு போனை எடுத்தார். கொழுந்தியாள் எடுக்கமாட்டாள் என்றுதான் நினைத்தார், எடுத்துவிட்டாள். 

“அந்தக் கட்டைவிரல் தழும்பு எப்படி வந்ததுன்னு தெரிஞ்சுக்கிட்டேன்” என்றார். “இன்னொண்ணு சொன்னியே, மச்சம். எந்தக் காதும்மா?”

 அந்தப் பக்கம் அவள் விசும்புவது கேட்டது.

“இடது காது அத்தான்” என்றாள்.

அவர் கை தானாகப் போய்த் தன் இடது காதின் பின்புறத்தைத் தடவியது. ஒன்பது மாதத்தில் முதல்முறையாக விரல் பட்டது தெரிந்தது.