சிரட்டையை நிமிர்த்திய கை

"அம்மா, இவரு வாயத் தொறக்கவே இல்லையே. அப்புறம் எப்படிப் பேசுவாரு?"

தோட்டத்துக் கோயிலில் அந்தோனியார் படத்தைப் பார்த்து சரோன் இப்படிக் கேட்டபோது அவளுக்கு நாலு வயது. நீ பேசினால் அவரும் பேசுவார் என்று சொல்லித்தான் செலினா மகளை முழங்காலில் நிறுத்தியிருந்தாள். படத்தில் குழந்தையைத் தாங்கியிருந்த கையை, றப்பர் பால் காய்ந்து ஒட்டிய தன் விரலால் காட்டினாள்.

"வாயப் பாக்காத மக. கையப் பாரு."

அந்தப் பதில் சரோனுக்குப் பயன்பட ஒன்பது வருடம் ஆயிற்று.

அரநாயக்கப் பக்கம் இருந்தவரை சரோன் சிங்களப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். கிட்டத்தில் வேறு பள்ளிக்கூடம் இல்லை. இந்த வருடம் செலினா ரம்புக்கனைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்துக்குப் பால்வெட்டு வேலைக்கு மாறி வந்ததும், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பில் சேர்ந்தாள். வாயைத் திறந்தால் தமிழ் மழையாகக் கொட்டும். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். எழுத உட்கார்ந்தால் நாலு வரி முடிவதற்குள் மணி அடித்துவிடும். தவணை முடிவதற்குள் தேறாவிட்டால் ஏழாம் வகுப்புக்கு இறக்கிவிடுவதாகப் பள்ளிக்கூட அதிபர் சொல்லியிருந்தார். ஏழில் அவளுடைய தம்பி ரொபர்ட் படித்தான். அவன் பக்கத்தில் போய் உட்காருவதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து சுமித்ரா டீச்சர் எல்லோருக்கும் ஒரு சிறுகதையைக் கொடுத்தார். அதை எட்டுக் கட்டங்களில் சித்திரக்கதையாக்கி வெள்ளிக்கிழமை கொண்டுவர வேண்டும். அதற்குக் கிடைக்கும் புள்ளிகள் தவணைப் பரீட்சைப் புள்ளியோடு சேரும்.

"நோனாவுக்கு மட்டும் சிங்களக் கதை ஒண்ணு குடுங்க டீச்சர்," என்றான் வகுப்புத் தலைவன் வினோத், சிங்களச் சீமாட்டிகளைக் கூப்பிடும் சொல்லால் சரோனைக் குத்தி. வகுப்பே சிரித்தது. சரோனும் சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டாள்.

இடைவேளையில் பக்கத்து மேசை ஸாஹிரா தன் ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நீ படத்தக் கீறு. நான் கதைய வாசிக்கிறன்."

மூன்று நாள் தொடர்ந்து வாசித்துக் காட்டினாள். குழாயடிச் சண்டையில் பேச்சை விட்ட இரண்டு பால்வெட்டுக்காரிகளின் கதை அது. ஒருத்தி காய்ச்சலில் படுக்கிறாள். மரத்தில் பால் வெட்டாத நாளுக்கு அவளுக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்லை. மற்றவள் தன் மரங்களை முடித்த கையோடு அவளுடைய மரங்களையும் வெட்டி, பாலை அவள் பேரிலேயே நிறுத்துக் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடுகிறாள்.

பேசாதவர்களுக்கு என்ன பேச்சை எழுதுவது? சரோனின் தடித்த எழுத்துகள் கட்டத்தை அடைத்துக்கொண்டன. பெண்கள் நிற்க இடமில்லை. இரண்டு பிரிஸ்டல் போட் அட்டைகள் வீணாகின. ஸாஹிரா தன்னிடமிருந்த ஒரே அட்டையை நீட்டினாள். தனக்கு ஒரு கொப்பித் தாள் போதும் என்றாள்.

புதன்கிழமை பின்னேரம் செலினா வாசலில் உட்கார்ந்து விரல்களில் காய்ந்திருந்த பாலை நூல் நூலாக உரித்துக்கொண்டிருந்தாள். சரோன் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய் பென்சிலை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை அவளுடைய அட்டையைப் பார்த்த டீச்சர் புருவத்தை உயர்த்தினார். ஏழு கட்டங்களில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

"எழுத வராட்டி இப்படித்தான் டீச்சர் தப்பிக்கணும்," என்றான் வினோத்.

டீச்சர் அட்டையைக் கரும்பலகையில் மாட்டி, அவனையே கூப்பிட்டு, கதையைச் சொல்லச் சொன்னார். அவன் கோணல் சிரிப்போடுதான் ஆரம்பித்தான். ரெண்டு பொம்பளைங்க, மூஞ்சத் திருப்பிக்கிட்டு நிக்கிறாங்க, ஒருத்தி கையில செவப்பு வளையல் என்றான். அடுத்ததில் ஒருத்தி போர்த்திப் படுத்திருந்தாள். மூன்றாவது கட்டத்தில் வரிசையாக றப்பர் மரங்கள், பால் வடிந்து விழும் சிரட்டைகளோடு.

"சிரட்டையெல்லாம் கவுந்து கெடக்கு. அவ வேலைக்கு வரல டீச்சர். வெட்டாத மரத்துலதான் அப்படிக் கவுத்து வைப்பாங்க."

வினோத்தின் அம்மாவும் பால்வெட்டுக்காரிதான். நாலாவது கட்டத்தில் அவன் நின்றுவிட்டான். அங்கே முகமே இல்லை. ஒரு கை மட்டும் ஒரு சிரட்டையை நிமிர்த்திக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் சிவப்பு வளையல்.

"இவ அவகூடப் பேசாதவ," என்றான், குரல் இறங்கி.

"அவ மரத்தையும் இவளே வெட்டுறா!" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள். அதன்பிறகு கதையை வகுப்பே சொன்னது. இரண்டு வாளியோடு வருகிறாள், ஒன்றைத் தன் பேரில் கொடுக்கிறாள், மற்றதைக் கொடுத்துவிட்டு காய்ச்சல்காரியின் லயத்து வீட்டைக் கைகாட்டுகிறாள். கடைசிக் கட்டம் குழாயடி. காய்ச்சல் தேறியவள் தன் குடத்தை இழுத்துக்கொண்டு வழிவிடுகிறாள். அட்டை முழுவதிலும் இருந்த ஒரே பேச்சை, சரோனின் தடித்த தமிழ் எழுத்தில், வினோத்தே உரக்க வாசித்தான்:

"நீ மொதல்ல புடி."

கைதட்டலில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் தொற்றினார்கள். ரொபர்ட் தன் அக்கா கீறியது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். வந்து பார்த்த அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவள் எட்டிலேயே இருக்கட்டும், எழுத்துப் பயிற்சிக்கு நேரம் ஒதுக்குங்கள் என்று டீச்சரிடம் சொல்லி, அட்டையை மண்டபச் சுவரில் மாட்டச் சொன்னார். வினோத் வந்து தனக்கு ஒரு லொறி வரைந்து தரும்படி கேட்டான். நோனா என்று சொல்லவில்லை.

கொப்பித் தாளில் ஆறு கட்டத்தோடு நின்றுபோன ஸாஹிராவுக்குப் பாதிப் புள்ளிதான் கிடைத்தது. அவள்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியிருந்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்து மழை. மழையென்றால் ஸாஹிரா வரும் டவுன் பஸ் பிந்தும். வகுப்பறையைக் கூட்டிப் பெருக்கும் முறை அன்று அவளுடையது. மணிக்கு முன் கூட்டாதவர்கள் பேரை வினோத் எழுதுவான். சரோன் நனைந்துகொண்டே ஓடி வந்தபோது பள்ளிக்கூடத்தில் ஈ காக்கை இல்லை.

மூலை முடுக்கெல்லாம் கூட்டினாள். கரும்பலகையைத் துடைத்தாள். முந்தின நாள் மேசைகளின் மேல் கவிழ்த்து வைத்திருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக இறக்கி நிமிர்த்தி வைத்தாள். விளக்குமாற்றை இருந்த இடத்திலேயே சாத்தினாள்.

கீழே வளைவில் பஸ் ஹோர்ன் கேட்டது. சரோன் பின்கதவால் இறங்கி, கை கழுவக் குழாயடிக்குப் போனாள்.