மஞ்சள் இலை, தும்பி இலை, வெள்ளைக் கரை

எடோ நகரத்து ஷிதாயாச் சந்தில் விடியலில் விரிந்து வெயில் ஏறினால் வாடும் காலைமுகக் கொடி வளர்ப்பவர்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பூவுக்குச் செல்லப்பெயர் வைக்கமாட்டார்கள். இலையின் நிறம், இலையின் வடிவம் (சிறகு விரித்த தும்பி போலிருந்தால் தும்பி இலை), பூவின் நிறம், விளிம்புக் கரை, கடைசியில் பூத்த விதம் என்று வரிசை மாறாமல் சொல்வார்கள். அதுதான் அதன் பெயர். கேட்கிறவன் கண்ணை மூடிக்கொண்டாலும் பூ எதிரே வந்து நிற்கவேண்டும். இல்லாவிட்டால் சொன்னவனுக்கு வாய் எதற்கு?

கிசாபுரோவுக்குப் போன குளிர்காலத்தோடு பார்வை போய்விட்டது. இப்போது அவருக்கு மனைவி ஒஷினோவின் வாய்தான் தோட்டம். அவர் ஆசைப்பட்ட அடுக்குப்பூ சில வருஷங்களாகவே எட்டிப்பார்க்கவில்லை. அது விதை விடாத ஜாதி. கூடப்பிறந்த சாதாரண வட்டப்பூவின் விதையிலிருந்துதான் எப்போதாவது பிறக்கும்.

"இந்தத் தடவையும் வரலேன்னா வம்சம் அத்துப்போச்சுன்னு அர்த்தம். சட்டியெல்லாம் யாருக்காவது குடுத்துடு. எனக்கு எதுக்கு இனிமே விடியணும்?" என்று விதை ஊன்றிய அன்றே சொல்லிவிட்டார்.

கோடையில் ஒரு விடியற்காலை. வானம் வடிகஞ்சி போல வெளுத்திருந்தது. கடைசிச் சட்டியின் மொட்டும் முறுக்கவிழ்ந்து மெல்ல மெல்ல விரிந்தது. சந்தே இன்னும் கனவிலிருந்து எழுந்திருக்காததுபோல் இருந்தது. அதுவும் வெறும் வட்டப்பூதான்.

"என்னடி, மூச்சே காணோம்?" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிசாபுரோ.

"மஞ்ச இலை... தும்பி இலை... செவப்பு... வெள்ளைக் கரை..." கொஞ்சம் நிறுத்தினாள். "அடுக்குப்பூங்க. வந்துடுச்சு!"

கிழவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! ஆனாலும் கையை நீட்டவில்லை. விரிந்த பூவில் விரல் பட்டால் அந்த இடம் கருகிவிடும். "எத்தனை அடுக்கு?"

"உங்க கேள்விக்காவது முடிவு இருக்கு, இதுக்கு இல்ல. பட்டுத்துணியைக் கிழிச்சுக் குமிச்சாப்ல கிடக்கு." சொல்லச் சொல்ல அவள் கண்ணுக்கே அது இதழ் இதழாக விரிந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு கருவண்டு வந்தது. பூவுக்குள் முழுசாகப் புகுந்துகொண்டு, குடத்துக்குள் பாடுகிறாற்போல் ரீங்கரித்தது. கிசாபுரோ தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"ஒஷினோ, அடுக்குப்பூவுல வண்டு நுழைய எடமேது?"

பாவம், மாட்டிக்கொண்டாள். "வட்டப்பூதாங்க. எல்லாமே வட்டப்பூ. நீங்க சொன்னதைக் கேட்டதுலேர்ந்து எனக்கு பயம்..." என்று அழுதுவிட்டாள்.

வண்டு அடுத்த சட்டிக்குப் போயிற்று.

"குமிஞ்சு கிடந்துதே, நான் பாத்தேன்டி" என்றார் பிறகு. "கண்ணு போனப்புறம் இன்னிக்குத்தான் ஒரு பூவைப் பாத்தேன்."

"அப்போ சட்டியெல்லாம்?"

"ஒண்ணையும் தொடாதே. எல்லாம் விதை விடட்டும். எதுக்குள்ள அந்த அடுக்குக்காரி ஒளிஞ்சிருக்காளோ, யார் கண்டா? சரி, வாடறதுக்குள்ள சொல்லு. இந்தத் தடவை நெஜமா."

ஒஷினோ மூக்கைத் துடைத்துக்கொண்டு இலையிலிருந்து ஆரம்பித்தாள். கிசாபுரோ கண்ணை மூடிக்கொண்டார்.