டீச்சர் வீட்டு வேலி

சேகரன் அண்ணனுக்கு வாய் இரண்டு காரியத்துக்குத்தான் பயன்படும். ஒன்று சாப்பிட, இன்னொன்று ஸ்க்ரூ கவ்விக்கொள்ள. பிடிக்காத பேச்சு வந்தால் சட்டைப் பையிலிருந்து நாலு ஸ்க்ரூவை எடுத்து உதட்டில் செருகிக்கொள்வார். அதற்கப்புறம் அந்த மனிதரிடம் பதில் வாங்க யாராலும் முடியாது. அவரோடு சேர்ந்து வேலி போட ஆரம்பித்துப் பல வருடமாகிறது. லோரி என்னுடையது, கைவேலை அவருடையது, கோபம் இருவருக்கும் பொது.

ஆயர் குரோவில் கமலவேணி டீச்சர் வீட்டு வேலை வந்தது. அவர் தோட்டத்துக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் துருப்பிடித்த கம்பி வேலி ஒன்று இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு ஆள் உயரத்துக்குக் காம்போசிட் பலகை போடவேண்டுமாம். மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து செய்கிற பலகை அது. கறையான் அரிக்காது, மழையில் ஊறாது, ஒரு பக்கம் இருப்பவருக்கு இன்னொரு பக்கம் தெரியாது. டீச்சருக்கு வேண்டியது கடைசியில் சொன்னதுதான்.

"ஞாயித்துக்கிழமை என் மகள பொண்ணு பாக்க வர்றாங்க, காளிமுத்து. கார்டன்லதான் மேச போட்டு சாப்பாடு. பக்கத்து வீட்டுல ஒரு பையன் இருக்கான், பேச்சு வராது. நாள் பூரா கம்பியப் பிடிச்சு ஆட்டிக்கிட்டு கத்துவான். பாவம்தான், நான் ஒன்னும் கெட்டவ இல்ல. ஆனா வர்றவங்க என்னா நினைப்பாங்க, சொல்லுங்க?"

நான் கம்பியை வெட்டிச் சுருட்டத் தொடங்கினேன். அண்ணன் கம்பம் நடக் குழி தோண்டினார். பாதிக் கம்பியைச் சுருட்டியிருப்பேன், பக்கத்து வீட்டுப் பின்கதவைத் திறந்துகொண்டு துணிக்கூடையோடு ஒரு பெண் வந்தாள். முந்தானையைப் பிடிப்பதுபோல அவள் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு ஒரு பையனும் வந்தான். பெண்ணைப் பார்த்ததும் என் கை அப்படியே நின்றுவிட்டது. தேவமலர். சேகரன் அண்ணனின் ஒரே மகள்.

ஆறு வருடத்துக்கு முன் அவள் பிரான்க்ளின் என்ற பையனை மாதா கோவிலில் கல்யாணம் செய்துகொண்டாள். டுரியான் துங்காலில் அவளோடு படித்தவன், நல்ல பையன். வேதக்காரன் என்பதைத் தவிர அண்ணனால் அவனிடம் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. மகளைத் தலை முழுகிவிட்டேன் என்று கோபத்தில் சொல்கிற அப்பன்கள் எத்தனையோ பேர் உண்டு. நம் ஆள் சொன்னதோடு நிற்கவில்லை. நியாலாஸ் பக்கம் ஓர் ஆற்றங்கரையில் பிண்டம் வைத்து, எள்ளும் தண்ணியும் இறைத்து, உயிரோடு இருக்கிற பிள்ளைக்குக் கருமாதியே செய்து முடித்தார். வேண்டாம் என்று நான் கத்தியதெல்லாம் அந்த ஆற்றோடு போயிற்று. அவர் மனைவி மாரியம்மா அக்கா மகள் ஏக்கத்திலேயே அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தது. வயிற்றுப் பிள்ளையோடு தாய் முகத்தைப் பார்க்க வந்தவளை அண்ணன் வாசலோடு நிறுத்திவிட்டார்.

அந்த வயிற்றுப் பிள்ளைதான் இப்போது அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

தேவமலர் என்னைப் பார்த்து, "சித்தப்பா" என்றாள். பிறகுதான் குழிக்குள் குனிந்திருந்த முதுகைப் பார்த்தாள். அண்ணனும் நிமிர்ந்தார். மகளைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், பையில் கைவிட்டு ஸ்க்ரூவை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டார். குழி தோண்டுகிறவனுக்கு ஸ்க்ரூ எதற்கு? எனக்கு வந்த ஆத்திரத்தில் மண்வெட்டியை எடுத்து வீசியிருப்பேன்.

தேத்தண்ணி குடிக்கும்போது பிடித்துக்கொண்டேன். "வாயில என்ன கொழுக்கட்டையா அண்ணே? உங்க பேரப்பிள்ள அது. ஒரு வார்த்த பேசுனா குறைஞ்சா போயிடுவீங்க?"

"கம்பம் நேரா இருக்கான்னு பாரு" என்றார்.

கம்பங்களைச் சுற்றி ஊற்றிய சிமெண்டு இறுகவேண்டும், அதனால் பலகை மறுநாள்தான். அன்று இரவு இரண்டு வீட்டுக்கும் நடுவில் கம்பங்கள் மட்டும் நின்றன. யார் வேண்டுமானாலும் அந்தப் பக்கம் போகலாம், இந்தப் பக்கம் வரலாம். அதை நினைத்துக்கொண்டுதான் நான் படுத்தேன்.

மறுநாள் காலையில் அண்ணன் முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட தீபாவளிச் சட்டையில் வந்து லோரி ஏறினார். வேலி போடப் போகிறவர் உடுத்துகிற உடுப்பா அது? வேறு நாளாக இருந்தால் வழி முழுக்க வாரியிருப்பேன். அன்றைக்குச் சந்தோஷத்தில் வாயைத் திறக்கவில்லை. பேசப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆரம்பித்து வைத்ததும் அந்தப் பையன்தான். பெயர் டாரியஸ். பிடித்து ஆட்டக் கம்பியைக் காணாமல் கொஞ்ச நேரம் தேடினான், பிறகு இரண்டு கம்பங்களுக்கு நடுவில் நடந்து நேராக அண்ணனின் சாமான் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான். அண்ணன் ரப்பர் சுத்தியலை எடுத்து அவன் கையில் கொடுத்தார். அவன் பலகை மேல் ஓங்கி அடித்தான். சத்தம் பிடித்துப்போய்ச் சிரித்தான். இன்னும் ஓங்கி அடித்தான். அண்ணன் பலகை நகராமல் பிடித்துக்கொண்டார்.

தேவமலர் குசினிக் கதவில் சாய்ந்து நின்றாள். பிள்ளையைக் கூப்பிடவும் இல்லை, பக்கத்தில் வரவும் இல்லை. அவளும் அவர் பெற்றதுதானே, வீம்பில் சளைத்தவளா? ஆனால் அவள் கண் அப்பன் மேலேயே இருந்தது. யாராவது ஒருவர் வாயைத் திறந்தால் போதும் என்று நான் மாரியம்மா அக்காவை வேண்டிக்கொண்டேன்.

சுவரோரக் கட்டம் மட்டும் அகலம் குறைவு. அதற்குப் பலகையை அறுக்கவேண்டியிருந்தது. அண்ணன் மெஷினைப் போட்டார். மைலோ தூள் போலப் பழுப்பாகத் தூசி பறந்தது. காற்று திரும்பி, அது அப்படியே பையன் முகத்தில் அடித்தது. அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு கத்தினான்.

அண்ணன் பட்டென்று மெஷினை நிறுத்தினார். வாயிலிருந்த ஸ்க்ரூவை எல்லாம் கையில் துப்பினார். மகளை நேராகப் பார்த்து, ஆறு வருடம் கழித்து வாயைத் திறந்தார்.

"பிள்ளைய உள்ள தூக்கிட்டுப் போம்மா."

அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். கண்ணைக் கழுவிவிடு, மூச்சு முட்டப்போகிறது என்ற பதற்றம் இருந்தது. அந்தக் கடைசி 'மா'வுக்காக இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு வந்த மனிதர் அவர். ஆனால் தேவமலரின் முகம் செத்துப்போனது. வந்தாள், பையனைத் தூக்கினாள். அவன் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் சாமானை அப்படியே போட்டுவிட்டு ரோட்டைச் சுற்றி அவள் வீட்டு முன்வாசலுக்கு ஓடினேன். கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். அழுதிருந்தாள்.

"தூசிக்குத்தான் சொன்னாரு மலரு. சத்தியமா வேற ஒன்னும் இல்ல."

"எல்லாரும் ஏதோ ஒன்னுக்குத்தான் சொல்றாங்க, சித்தப்பா. வெயிலா இருக்கு, உள்ள தூக்கிட்டுப் போன்னுவாங்க. மழ வருது, நாய் நிக்குது, ஆளுங்க வர்றாங்க, உள்ள தூக்கிட்டுப் போன்னுவாங்க. கோயில்ல சொல்லிட்டாங்க, சர்ச்சுல சொல்லிட்டாங்க. எனக்குக் கருமாதி பண்ணுன மனுசன் முதமுதலா பேசுறாரு, அவருமா அதையே சொல்லணும்?" முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தூசிக்குத்தான்னா அவரு வந்து சொல்லட்டும். கேட் கதவ நான் சாத்தல."

திரும்பி வந்து ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அண்ணன் கேட்டுக்கொண்டார். சட்டையில் படிந்த தூசியைத் தட்டினார். ஓர் அடி எடுத்தும் வைத்தார். அந்த நேரம் பார்த்து டீச்சர் எட்டிப் பார்த்து, "இன்னிக்கு முடிஞ்சிடும்லா, சேகரன்?" என்றார்.

"முடிஞ்சிடும்மா" என்றார். என்னிடம், "வேலைய முடிச்சிட்டுப் போறேன்" என்றார்.

"நீங்க முடிச்சாப்புறம் போறதுக்கு என்னா இருக்கு? இப்பப் போங்க அண்ணே!"

உதட்டுக்கு ஸ்க்ரூ போய்விட்டது.

இந்தப் பலகையைக் கம்பத்தின் பள்ளத்தில் மேலிருந்து இறக்கி, கீழிருந்து ஒவ்வொன்றாக அடுக்கவேண்டும். அடுக்க அடுக்க அந்த வீடு கீழிருந்து மறைந்தது. பையனின் செருப்பு முதலில் போயிற்று. பிறகு துணிக்கூடை, கொடியில் கிடந்த துணி, குசினி ஜன்னல். அவர் ஒவ்வொரு பலகைக்கும் மட்டம் பார்த்தார், தடவிப் பார்த்தார். அவ்வளவு அழகாக அவர் வேலி போட்டு நான் பார்த்ததில்லை. கடைசியில் மேல்மூடியை வைத்து ஸ்க்ரூவை முடுக்கினார். அந்தப் பக்கம் கூரை மட்டும்தான் மிச்சம்.

சாமானை அள்ளும்போது பின்னாலிருந்து பலகையில் ஓர் அடி விழுந்தது. பிறகு இன்னொன்று. பையன் வெளியே வந்துவிட்டான். ஆட்டக் கம்பி இல்லை, அதனால் இரண்டு கையாலும் அறைந்துகொண்டு கத்தினான். கம்பி வேலியாவது அவன் ஆட்டினால் ஆடும். இது ஆடவில்லை.

டீச்சர் வேகமாக வந்தார். "பாத்தீங்களா, இதத்தான் சொன்னேன். இடிச்சே சாச்சிடுவான் போல. தாங்குமா?"

அண்ணன் பலகையில், சத்தம் வருகிற இடத்திலேயே, உள்ளங்கை இரண்டையும் வைத்தார். அந்தப் பக்கத்து அடி ஒவ்வொன்றும் அவர் கைக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தாங்கும்மா" என்றார். "அசையாது."

லோரியை எடுத்தேன். தேவமலர் வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். முதல் கியரிலேயே ஊர்ந்தேன். கேட் இன்னும் திறந்தே இருந்தது. பிரேக்கில் காலை வைத்து, "இறங்குறீங்களா அண்ணே?" என்றேன்.

வேலை முடிந்துவிட்டது. முடுக்க ஒன்றுமே மிச்சமில்லை. அவர் பையில் கைவிட்டுத் துழாவி, கிடைத்த ஒரு ஸ்க்ரூவை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.