பழைய முறைப் பாதி

இலுக்குப் புல்லின் ஓரம் அரம்போல இருக்கும். மூன்று நாளாக அறுத்ததில் பூரணியின் இடக்கை விரல்கள் முழுக்கக் கீறல். குளக்கட்டின் சரிவில் குந்தியிருந்து அறுத்தாள், கட்டாகக் கட்டினாள். தலையில் தூக்கிவிட ஒரு ஆளிருந்தால் அரை நிமிட வேலை. ஆளில்லை. கட்டை ஒரு புற்றின் மேல் சாய்த்து நிறுத்தி, குனிந்து தலையைக் கொடுத்து, முழங்காலில் கையூன்றி எழும்பினாள்.

தோட்டம் அரை ஏக்கர். இலங்கைத்துறையிலிருந்து உள்ளே வந்து, தார் வீதி முடிந்த பிறகும் நெடுந்தூரம் நடக்க வேண்டும். வானத்தை நம்பிய நிலம். வருடத்தில் ஒரு போகம் நிலக்கடலை, அவர்கள் பேச்சில் கச்சான், போடலாம். மிச்ச மாதங்களில் மூதூர்ப் பக்கம் கூலிக்குப் போய், சில நாள் அங்கேயே தங்க வேண்டும். கணவன் இரத்தினசிங்கம் செத்து ஐந்து வருடம். பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியாது. அதனால் மகள் கீர்த்தனி பட்டணத்துப் பக்கம் அன்புவழிபுரத்தில், மச்சாள் அன்னலட்சுமி வீட்டில் இருந்து படிக்கிறாள்.

கிணறு ஒன்று இருந்தால் இரண்டு போகம் செய்யலாம், கூலிக்குப் போக வேண்டியதில்லை, பிள்ளையைக் கூட்டிவந்துவிடலாம். பூரணியின் கணக்கு இவ்வளவுதான். புரட்டாதியில் வெளிநாட்டுக் காசில் நடக்கிற விவசாயத் திட்டத்துக்காரர் வந்து, பரிசோதனைத் தோட்டம் செய்கிறவர்களின் பெயர் கிணறு வெட்டிக்கொடுக்கிற பட்டியலில் முதலில் வரும் என்றதும் அவள் வேறெதையும் கேட்கவில்லை.

அவர்கள் நிலத்தை நீலக் கயிறு கட்டி நெடுக்காக இரண்டாகப் பிரித்தார்கள். இடப்பக்கம் புதிய முறை: சரிவுக்குக் குறுக்கே சிறு சிறு வரம்புகள், செடிகளுக்கிடையே வைக்கோல் மூடாக்கு, பெய்கிற மழை விழுந்த இடத்திலேயே சுவறும். வலப்பக்கம் பழைய முறை, அவள் வழக்கமாகச் செய்வதுபோல. கடைசியில் இரண்டையும் பிடுங்கி எடை நிறுத்து வித்தியாசம் பார்ப்பார்கள். முன்னால் ஒரு பலகை நட்டார்கள். அதில் பணம் கொடுத்த நாட்டின் கொடி பெரிதாக இருந்தது. பூரணியின் பெயர் அடியில், புல் மறைக்கிற உயரத்தில் இருந்தது.

கார்த்திகையில் மழை நின்றது. இருபத்துமூன்று நாள் ஒரு துளி இல்லை. கச்சான் பூத்திருந்தது. பூ உதிர்ந்ததும் அதன் காம்பு நீண்டு மண்ணுக்குள் இறங்கினால்தான் உள்ளே கச்சான் பிடிக்கும். வைக்கோலுக்கு அடியில் மண் இளகியிருந்தது, காம்புகள் இறங்கின. வலப்பக்கம் மண் ஓடுபோல இறுகிவிட்டது. காம்புகள் மண்ணைத் தொட்டுப் பார்த்து, போக வழியில்லாமல் அந்தரத்தில் காய்ந்தன.

முந்தின வருடங்களில் வாடியபோது, தலைவிதி என்று பூரணி விட்டிருக்கிறாள். இப்போது மருந்து தெரிந்துவிட்டது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் அதே மருந்து பலிப்பதைத் தினமும் பார்க்கிறாள். தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எப்படி? நாட்கணக்காக யாரோடும் ஒரு வார்த்தை கதைக்காத இடம் அது. ஒரு மத்தியானம், "பொறு, பொறு" என்று ஒரு குரல் கேட்டுத் திடுக்கிட்டாள். செடிகளைப் பார்த்து அவளே சொல்லியிருந்தாள்.

அன்றைக்குத்தான் கத்தியை எடுத்துக்கொண்டு குளக்கட்டுக்குப் போனாள். மறுநாள் விடியற்காலை சின்னத் தூறல் ஒன்று விழுந்தது. வலப்பக்கத்தில் அவள் புல் பரப்பிய இடத்தில் அந்த ஈரம் நின்றது. மூன்றாம் நாள் கடைசிக் கட்டைப் பரப்பிக்கொண்டிருந்தபோது மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. திட்டத்தின் கள அலுவலர் வினோதன். ஹெல்மெட்டைக் கழற்றியவன் வலப்பக்கத்தைப் பார்த்து அப்படியே நின்றான்.

"என்னக்கா செய்து வச்சிருக்கிறீங்கள்?"

"வாடினதுகள் தம்பி. பாத்துக்கொண்டிருக்க ஏலாமப் போச்சு. இப்ப வந்து பாருங்கோ, குருத்து நிமிந்திட்டுது."

"வாடத்தானே வேணும் அக்கா!"

சொன்ன பிறகு அவனுக்கே ஒரு மாதிரியாகப் போய்விட்டது. ஹெல்மெட்டின் வாரை இழுத்து இழுத்து விட்டான்.

"காசு குடுக்கிற ஆக்கள் வெளிநாட்டில இருந்து வியாழக்கிழமை வருகினம். ரெண்டு பக்கமும் பச்சையா நிண்டா நான் எதைக் காட்டுறது? பரிசோதனை பழுதாப் போச்செண்டு உங்கட பேரை எடுத்துப்போடுவினம்."

"கிணத்துப் பட்டியல்லயும் எடுத்துப்போடுவினமோ?"

"அதுவும்தானக்கா."

பூரணி கையிலிருந்த புல்லைக் கீழே போட்டாள்.

"இப்ப என்ன செய்யச் சொல்லுறீங்கள்?"

"புல்லை எடுத்துவிடுங்கோ. மூண்டு வெயிலுக்குப் பழையபடி வந்திடும். பிடுங்கி நிறுக்கும் வரைக்கும் அந்தப் பக்கம் ஒண்டுமே செய்யாதேங்கோ. என்ர வேலையும் இதிலதான் இருக்கு, கோவிக்காதேங்கோ."

அவன் கெட்டவனில்லை. போகும்போது பெட்டியில் வைத்திருந்த, மீன் வைத்துச் சுட்ட மாலுபாண் இரண்டைக் கொடுத்துவிட்டுத்தான் போனான். அவள் அதை அப்படியே வரம்பில் வைத்துவிட்டு, முழங்காலில் இருந்து புல்லை எடுக்கத் தொடங்கினாள். அடியில் காம்புகள் அப்போதுதான் மண்ணில் நுனி குத்தியிருந்தன. சில புல்லோடு சேர்ந்து வந்தன. பூரணிக்கு அழுகை வந்தது. அழுதால் பார்க்க யாருமில்லை என்பதால் நன்றாகவே அழுதாள்.

பொழுதுபடக் கீர்த்தனி போன் எடுத்தாள்.

"கிணறு தருவினமாமோ அம்மா?"

"பேர் இருக்குதாம்."

"எத்தினை நாளம்மா இன்னும்?"

"கச்சான் பிடுங்கட்டும் மகள். பிடுங்கினாப் பிறகுதான் சொல்லுவினம்."

"மாமி கூப்பிடுறா, வைக்கிறன்."

வியாழக்கிழமை இரண்டு வான்கள் வந்தன. வினோதன் சொன்னதுபோல மூன்று வெயிலில் வலப்பக்கம் சாம்பல் பூத்துச் சுருண்டிருந்தது. வந்தவர்கள் கயிற்றின் இரண்டு பக்கமும் பார்த்துத் தலையாட்டினார்கள். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா பூரணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். விரல்களில் இருந்த கீறலைப் பார்த்து ஏதோ கேட்டார். வினோதன் ஏதோ பதில் சொன்னான்.

முதலில் வலப்பக்கம் நிறுத்திப் படம் எடுத்தார்கள். பூரணி மரியாதைக்குச் சிரித்தாள்.

"இதில சிரிக்க வேண்டாமாம் அக்கா" என்றான் வினோதன்.

பிறகு இடப்பக்கம் கூட்டிப்போனார்கள். அங்கே சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தாள். ஒரு மணித்தியாலத்தில் வான்கள் போய்விட்டன. புழுதி அடங்கியதும் தோட்டம் முன்பைவிட வெறிச்சென்று கிடந்தது.

சனிக்கிழமை பின்னேரம் கடல் பக்கம் இருண்டது. பூரணி உள்ளே போகாமல் மண்வெட்டியோடு தோட்டத்தில் நின்றாள். மழை இரைச்சலோடு வந்து ஒரேயடியாக ஊற்றியது.

இடப்பக்கம் வரம்புக்கு வரம்பு தண்ணீர் தேங்கி, வைக்கோலுக்குள் இறங்கியது. வலப்பக்கம் இறுகிய மண்ணில் ஒரு சொட்டும் இறங்கவில்லை. இத்தனை நாள் காத்திருந்த மழை செம்மண்ணையும் வாரிக்கொண்டு, பலகைக் காலைச் சுற்றி மண் ரோட்டுக்கு ஓடியது. நாலு கொத்துக் கொத்தி ஒரு வரம்பு போட்டால் போதும், தண்ணீர் நின்றுவிடும். அவள் மண்வெட்டியை ஓங்கினாள். பலகையைப் பார்த்தாள். கொத்தினால் தடம் நிற்கும், பட்டியலில் பெயர் நிற்காது. மண்வெட்டியைக் கயிற்றுக்கு இடப்பக்கம் எறிந்துவிட்டு, வலப்பாதியின் நடுவே இறங்கினாள்.

ஒரு வரிசையின் குறுக்கே இரண்டு பாதங்களையும் குதியோடு விரல் முட்ட, நீளவாக்கில் வைத்து நின்றாள். ஓடிவந்த தண்ணீர் கால்களில் மோதிச் சற்றுத் தயங்கித் தேங்கியது. இரண்டு செடிகளின் அடி நனைந்தது. மழை விடும்வரை பூரணி காலை எடுக்கவில்லை.