விசிறி ஓடினால் ஏறும் ஊசி

விசிறி ஓடினால் எஞ்சின் சூடு ஏறியது. நிறுத்தினால் இறங்கியது.

தலைகீழாக இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றுவதுதான் பதினோரு நாளாக எனக்கும் அக்காவுக்கும் தோன்றிக்கொண்டிருந்தது.

இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் அது. எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. துருப்பிடித்த கூடாக வாங்கி, அக்கா வீட்டு கராஜில் மூன்று வருடம் வேலை பார்த்தோம். எஞ்சினும் வயரிங்கும் அக்காவின் பொறுப்பு. பெயிண்ட் என்னுடையது; என் பிழைப்பே அதுதான். பார்க்கப் பழசாகவும் ஓட்டப் புதுசாகவும் இருக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். அதனால் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் பழைய விசிறியை எடுத்துவிட்டு, சூடு கூடினால் தானாக ஓடும் மின்விசிறியை ரேடியேட்டரில் மாட்டியிருந்தாள்.

வண்டியைத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோனபோது அந்த விசிறி ஓடத் தொடங்கியதுமே டேஷ்போர்டில் ஊசி சிவப்புக் கோட்டுக்குப் போய்விட்டது. அதிகாரி திருப்பி அனுப்பிவிட்டார். இன்னும் ஒரே வாய்ப்பு, வரும் சனிக்கிழமை. அதிலும் தவறினால் பழைய பதிவு ரத்து. அப்புறம் அந்த கார் கராஜுக்குள் நிற்கலாம், தெருவில் இறங்க முடியாது.

வியாழக்கிழமை மதியம் அக்கா லீவு போட்டுவிட்டு பானெட்டைத் திறந்தாள். எஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, சமையலறைத் தெர்மாமீட்டரைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தாள். எண்பத்தெட்டு டிகிரியில் விசிறி ஓடத் தொடங்கியது. தண்ணீர் எண்பத்தொன்றுக்கு இறங்கியது. ஊசி மட்டும் சிவப்பில் நின்றது.

"பாத்தியாடா? தண்ணி பொய் சொல்லாது. ஊசிதான் புளுகுது."

"மீட்டரையே ரெண்டு தடவை மாத்தியாச்சே, அக்கா. சென்சாரையும் மாத்தியாச்சு."

"மூணு மீட்டரும் ஒரே பொய்யைச் சொல்லுதுன்னா, அதுங்களுக்கு யாரோ சொல்லிக் குடுக்கிறாங்க."

மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், டீ டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ள, நோயாளி எப்படி இருக்கு?"

"காய்ச்சல் இல்லாமலே காய்ச்சல் காட்டுது, மாமா."

"அவ்வளவுதானே? ஊசியை நடுவுல வெச்சு ஒரு சொட்டு பசை விட்டுடுங்க. அதிகாரிக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

"நாளைக்கு நிஜமாவே கொதிச்சா யாருங்க சொல்லுவா? உங்க பசையா?" என்றாள் அக்கா.

மாமா சிரித்தபடி ஓட்டுநர் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். பொழுதுபோகாமல், ஆறிய எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் சோக் குமிழைப் பிடித்து இழுத்தவர், "ஆ!" என்று கையை உதறினார். "அடியேய், இது சுடுதுடி!"

அக்கா குனிந்து, டேஷ்போர்டிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் சோக் கேபிளைத் தொட்டாள். இஸ்திரிப் பெட்டி மாதிரி இருந்தது. அது வெறுமனே இழுப்பதற்கான இரும்புக் கேபிள். மின்சாரத்துக்கு அங்கே வேலையே இல்லை. விசிறியின் வயரைப் பிடுங்கினாள். கொஞ்ச நேரத்தில் கேபிள் ஆறிப்போனது.

"விசிறியோட கரண்ட் இது வழியா திரும்புதுடா!"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காரில் மின்சாரம் போவதற்கு வயர் உண்டு, திரும்புவதற்குத் தனி வயர் கிடையாது. காரின் இரும்பு பாடிதான் திரும்பும் வழி. ஆனால் எங்கள் காரில் பாட்டரியின் மைனஸ் எஞ்சினில் பூட்டியிருக்கிறது. எஞ்சினோ ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதனால் பாடியையும் எஞ்சினையும் சேர்க்க, செம்புக் கம்பியில் பின்னிய பட்டை ஒன்று இருக்கும். அந்தப் பட்டை வேலை செய்யாவிட்டால் மின்சாரம் கிடைத்த சந்தில் நுழையும். இங்கே கிடைத்த சந்து சோக் கேபிள். அது விசிறி இழுக்கும் மின்சாரத்துக்குப் போதாது.

மீட்டருக்குள்ளே இரண்டு சுருள்கள் ஊசியைக் கயிறு இழுக்கிற மாதிரி இழுக்கின்றன. குளிர் பக்கம் இழுக்கும் சுருளுக்குத் திரும்பும் வழி பாடி. சூட்டுப் பக்கத்துக்கு எஞ்சினில் இருக்கும் சென்சார். விசிறி ஓடும்போது பாடியில் அந்தக் குறுகிய வழி அடைபட்டதும் குளிர்ச் சுருளின் பிடி தளர்கிறது. ஊசி சிவப்புக்குச் சாய்கிறது.

"ஆனா பட்டையை நான்தானே முறுக்கினேன்? கெட்டியா இருக்கே," என்று அக்கா முணுமுணுத்தாள். விசிறி வயரை மறுபடி மாட்டிவிட்டு, பாட்டரியின் மைனஸிலிருந்து ஒரு கேபிளை நேராகப் பாடிக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று கிளிப்பை எடுத்தாள். இங்கே கவ்வினாள், அங்கே கவ்வினாள். ஊசி சிவப்பைவிட்டு அசையவில்லை. கிளிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"டேய், இந்த வண்டியில பெயிண்ட் படாத இடம் எங்கடா இருக்கு?"

"ஒரு இடம்கூட இல்ல," என்றேன் பெருமையோடு. "போல்ட் ஓட்டைக்குள்ளகூட பிரஷ் விட்டு மூணு கோட் அடிச்சிருக்கேன்."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது. மாமாவுக்கு டீ புரையேறியது.

"நீ அடிச்ச பெயிண்ட், நீயே சுரண்டு," என்று உப்புத்தாளை என் கையில் திணித்தாள்.

கண்ணாடி மாதிரி வந்திருந்த பச்சை. "வேணும்னா தனியா ஒரு வயர் இழுத்துக்கலாமே, அக்கா?"

"அதோட முனையை எங்க பூட்டுவ? உன் பெயிண்ட் மேலயா?"

சுரண்டினேன்.

சனிக்கிழமை அதே அதிகாரி எஞ்சினை ஓடவிட்டு, விசிறி தானாகச் சுற்றத் தொடங்கும் வரை கைகட்டி நின்றார். விசிறி சுற்றியது. ஊசி நடுவில் நின்றது. ஒரு நூலும் அசையவில்லை. அவர் முத்திரை குத்திவிட்டுக் கேட்டார்: "என்னம்மா மாத்தினீங்க?"

"மாத்தினது எதுவும் பலிக்கல, சார். எஞ்சினையும் பாடியையும் சேர்க்கிற பட்டைக்கு அடியில இருந்த பெயிண்டைச் சுரண்டி, இரும்போட நேரா படுற மாதிரி முறுக்கினோம்."